பாரமும் பாதையும்

இலங்கையின் வடமுனையில் இருந்து தென்முனைவரை நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 430 கிலோமீற்றர். நிறைந்த தாங்கியோடு புறப்படும் டீசல் டபுள் கப் ஒன்று அந்தத் தூரத்தைச் சிரமமின்றி ஓடிவிடும். ஆனாலும் பண்டத்தரிப்பில் இருந்து சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி, பூநகரி, மன்னார், வில்பத்து என்று போவதற்கு வாகனத்தை ஆயத்தம் செய்பவர் கையில் எடுப்பது பெரும்பாலும் அவுஸ்திரேலியப் பட்டியலைத்தான்: மேலதிக எண்ணெய்த் தாங்கி, கூரைக் கூடாரம், இரும்புப் பம்பர், வின்ச், ஸ்நோர்கெல். மேற்கு அவுஸ்திரேலியாவின் கனிங் ஸ்ரொக் பாதை 1,850 கிலோமீற்றர் நீளமானது. எண்ணெய் கிடைக்கும் இடங்கள் அரிது. அந்தப் பாலைக்கு அந்தப் பட்டியல் பொருந்தும். வழியெங்கும் எரிபொருள் நிலையமும் ஊரும் வரும், பூநகரி ஊடாக மன்னார் போகும் ஏ32 வீதிக்கு அது சுமை.

சுமை என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். 20 லீற்றர் டீசல் கான் இரண்டு சுமார் 40 கிலோ, தண்ணீர் 40 லீற்றர் இன்னொரு 40 கிலோ, கூரைக் கூடாரம் 50 முதல் 60 கிலோ, இரும்புக் கரியர் ஏறத்தாழ அதேயளவு, பம்பரும் வின்சும் சேர்ந்தால் 80 கிலோவைத் தாண்டும். இதன்மேல் நாலு பேரும் சாமானும். கம்பனி அனுமதித்த பாரத்தின் எல்லை அருகில் வந்துவிடும். பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். கூரையில் ஏற்றியதெல்லாம் வளைவுகளில் வண்டியைச் சரிக்கப் பார்க்கும். 29 அங்குல ரயரைக் கழற்றி 33 அங்குலம் மாட்டினால், வேகமானி 70 காட்டும்போது உண்மை வேகம் 80. இழுவையும் குறையும்.

வாகனத்தை இப்படி ஆயத்தம் செய்யும் பழக்கத்தில் நான் மனமாரப் பாராட்டுபவையும் உண்டு. நல்ல பிடிப்புள்ள ரயர், சட்டகத்தோடு உறுதியாக இணைந்த இழுவைக் கொளுக்கி, காற்றடிக்கும் சிறிய பம், இவை மாரிக்காலத்து வன்னிச் சேற்றில் உயிர்காப்பவை. மணலில் ரயர்க் காற்றை 35 பிஎஸ்ஐயில் இருந்து 18 அளவுக்கு இறக்கினால் தடம் நீண்டு, புதைந்த வண்டி வெளியே வந்துவிடும். செலவே இல்லாத இந்த வித்தையைப் பழகாமல் வின்சுக்குப் பணம் கட்டுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாகனத்தைச் சூழலுக்கேற்ப மாற்றிய பெரிய அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் கிடையாமல் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. துளி பெற்றோலில் இயக்கி, இயந்திரம் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரங்கள் என்பதால்தான் அது சாத்தியமானது. குறைகளும் இருந்தன: புகை, கரி, ஆவியாகாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்தது. எந்த மாற்றம் எங்கே பாதிக்கும் என்பதைத் தெரிந்தே அந்த மெக்கானிக்குகள் கைவைத்தார்கள். இன்றைய கொமன் றெயில் டீசல் எஞ்சினுக்கோ தண்ணீர் கலந்த ஒரு கான் டீசல் போதும், இன்ஜெக்ரர்களைக் கெடுக்க. வீதியோரத்தில் அதைத் திருத்தவும் முடியாது. ஆகவே மேலதிக எண்ணெய்த் தாங்கிக்கு முன்னால் டீசல் பில்ரர், பெல்ற், றப்பர் ஹோஸ் ஆகியவற்றை ஏற்றுங்கள். அவற்றை மாற்றத் தெரிந்த ஒருவரையும் ஏற்றுங்கள்.

ஸ்நோர்கெல் பற்றிக் கடுமையாகவே சொல்லவேண்டும். அது எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமல் காக்கும். ஓடும் நீரின் தள்ளுவிசைக்கு எதிராக அதனால் எதுவும் செய்யமுடியாது. 2024 நவம்பர் வெள்ளத்தில் அம்பாறை மாவட்டத்துக் காரைதீவில் மத்ரசா மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு, பிள்ளைகள் இறந்தார்கள். உயரமும் பாரமும் கொண்ட வாகனத்துக்கே அந்தக் கதி. ஸ்நோர்கெல் தரும் துணிச்சலில் பாயும் வெள்ளத்துக்குள் வண்டியை இறக்குவது கூடவே கூடாது.

பாதையை விட்டு இறங்கும் ஆசையும் இங்கே வேறு கணக்கைக் கேட்கிறது. மணற்காட்டு மணல்மேடுகளை அடம்பன் போன்ற கொடிகள்தான் பிடித்து வைத்திருக்கின்றன; சில்லு ஏறி அவை அறுந்தால் காற்று மேட்டையே நகர்த்தும். முகமாலைப் பக்கம் போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் கண்ணிவெடி அகற்றினார்கள். மண்டையோட்டுச் சிவப்புப் பலகை கண்ட இடத்தில் தடத்துக்கு வெளியே ஒரு சில்லும் போகக்கூடாது. வில்பத்துவிலும், 2015இல் தேசிய பூங்காவான சுண்டிக்குளத்திலும் குறித்த பாதையை விட்டு விலக அனுமதி இல்லை.