கேட்பதும் கேள்வி கேட்பதும்

தமிழில் 'கேள்' என்ற வினைச்சொல் இரண்டு வேலை செய்கிறது. காதால் கேட்பதும் அதுதான். எதிரே நிற்பவரிடம் 'அதென்ன?' என்று கேட்பதும் அதுதான். திருக்குறளின் 42ஆம் அதிகாரமான 'கேள்வி' செவிவழிக் கல்வியைப் பேசுகிறது. இன்று கேள்வி என்றால் நமக்கு வினா. இதில் ஒரு பாதியை வெட்டி எறிந்துவிட்டு மறுபாதியை மட்டும் அளக்கிற தேர்வு ஒன்று இருக்கிறது.

டோயிக் என்று பெயர். அமெரிக்காவின் ஈ.டி.எஸ். நிறுவனம் ஜப்பானிய வணிக வட்டாரத்தின் தேவைக்காக உருவாக்கி, 1979இல் ஜப்பானில் முதலில் நடத்தியது. பிறகு தென்கொரியாவிலும் வேரூன்றியது. அங்கே பல பல்கலைக்கழகங்கள் பட்டம் பெறுவதற்கே இதன் மதிப்பெண்ணை நிபந்தனையாக்கின. கேட்டலுக்கு 100 வினா, 45 நிமிடம். வாசிப்புக்கு 100 வினா, 75 நிமிடம். மொத்தம் 990 மதிப்பெண். ஒலிப்பதிவு ஒரே ஒருமுறைதான் ஓடும். பிற்பாடு பேச்சுத் தேர்வும் தனியாக வந்தது. அதிலும் மாணவர் பேசுவது கணினியிடம்தான்.

மாதிரி வினாத்தாள்கள் சிலவற்றைப் பிரதிகளாக வாசித்துப் பார்த்தேன். கூட்டம் தள்ளிப்போகிறது, சரக்கு தாமதமாகிறது, ஜெராக்ஸ் மெஷின் பழுதாகிறது. யாருக்கும் கோபம் வருவதில்லை. ஆட்குறைப்பு இல்லை, வேலைநிறுத்தம் இல்லை. அப்படியொரு அலுவலகம் எந்த ஊரிலங்க இருக்கு?

தவறான விடைகளைத் தயாரிக்கும் விதம் இன்னும் கவனிக்கத்தக்கது. 'காப்பி எடுத்தாயிற்றா' என்று வினா வந்தால், குடிக்கிற 'காஃபி' பற்றி ஒரு விடை காத்திருக்கும். மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்பது தயாரிப்பவருக்கு நன்றாகத் தெரியும். அந்த அறிவு கற்பிக்க அல்ல, பொறி வைக்கப் பயன்படுகிறது. முடிந்ததும் வினாத்தாளை வாங்கிக்கொள்கிறார்கள். எந்த வினாவில் சறுக்கினோம் என்பது தெரியாமலே எண் மட்டும் கைக்கு வருகிறது. கண்காணிப்பும் தரப்படுத்தும் தீர்ப்பும் தேர்வில் ஒன்றாகின்றன என்று 1975இல் ஃபூக்கோ எழுதியது இதற்கும் பொருந்தும்.

'எண்ணாவது பாரபட்சம் பார்க்காதே. நேர்முகத்தில் குடும்பத்தையும் உடுப்பையும் அல்லவா பார்ப்பார்கள்?' என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த எண்ணை உயர்த்தித் தரவே கொரியாவில் 'ஹாக்வான்' எனும் தனிப்பயிற்சிக் கூடங்கள் நடக்கின்றன. அங்கே கட்டணம் கட்ட முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் அந்த எண் ஒன்றல்ல.

2006இல் இத்தேர்வின் கேட்டல் பகுதியை விரிவாக்கினார்கள். அமெரிக்க உச்சரிப்போடு கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா உச்சரிப்புகளும் சேர்ந்தன. உலகம் அத்தோடு முடிந்துவிட்டது போலும்! இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கே கொரியப் பொறியாளரும் தமிழ்த் தொழிலாளரும் பேச நேர்ந்தால் அந்த ஆங்கிலம் மேற்சொன்ன நான்கு நாட்டு ஆங்கிலம் எதுவுமாக இருக்காது. 'என்ன சொன்னீங்க, திரும்பச் சொல்லுங்க' என்று இருவரும் மாறிமாறிக் கேட்டுத்தான் அது நடக்கும். எந்திரத்தின் அருகே கையை வைத்திருப்பவருக்கு அந்தத் திருப்பிக் கேட்டல் உயிர்ப் பிரச்சினை. 990 எடுத்தவரிடமும் அது சோதிக்கப்பட்டிருக்காது.

ஆகவே, மாணவர் திருப்பிக் கேட்கட்டும். எப்படிக் கேட்டார் என்பதற்கும் மதிப்பெண் போடுங்கள். அதற்கு எதிரே ஒரு மனிதர் உட்கார வேண்டும், செலவாகும் என்பார்கள். செலவு மிச்சப்படத்தான் கேட்டலில் பாதியை வெட்டினோம் என்று சொல்லிவிடட்டும். வெட்டியதுபோக மிஞ்சியதற்கு 'மொழித்திறன்' என்று பெயர் வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.