எழுத்துப் பயிற்சி யார் பொறுப்பு?

பல்கலைக்கழகத்தில் மாணாக்கர் பெறும் அறிவு பெரும்பாலும் எழுத்தினாலேயே அளக்கப்படுகின்றது. சரித்திரம் பயில்வோர் கட்டுரை எழுதுகின்றனர். இரசாயனம் பயில்வோர் பரிசோதனை அறிக்கை எழுதுகின்றனர். மருத்துவம் பயில்வோர் நோயாளரின் நோய் வரலாற்றை எழுதுகின்றனர். பரீட்சை மண்டபத்திலே இவர் அனைவரும் எழுத்தினாலேயே உயர்வர், அன்றேல் வீழ்வர். ஆயினும் எழுதுக என ஏவும் பல்கலைக்கழகம், எழுதும் முறையைக் கற்பித்தல் யார் கடன் என்னும் வினாவுக்கு விடை கூறத் தயங்குகின்றது. துறை ஆசிரியர் மொழி ஆசிரியரைச் சுட்டுவர். மொழி ஆசிரியர் பாடசாலையைச் சுட்டுவர். பாடசாலை ஆசிரியரோ கீழ்வகுப்பைச் சுட்டுவர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல்கலைக்கழகங்கள் இவ்வினாவோடு நூறாண்டுக்கு மேலாகப் போராடி வந்துள்ளன. அவற்றின் அநுபவத்தில் கொள்ளத்தக்கன யாவை, தள்ளத்தக்கன யாவை என ஆராய்வதே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஹார்வாட் கண்ட வழியை நோக்குவோம். 1869 இல் அதன் தலைமையை ஏற்ற சாள்ஸ் எலியட் பாடவிதானத்தைப் பெரிதும் மாற்றி அமைத்தார். 1874 முதல் நுழைவுப் பரீட்சையில் ஆங்கிலக் கட்டுரை எழுதுதல் ஓர் அங்கமாயிற்று. தேறாதோர் தொகை பெரிதாயிருந்தமையால், 1885 இல் முதலாம் ஆண்டு மாணாக்கருக்கு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி கட்டாய பாடமாக்கப்பட்டது. குறை தீர்ந்ததோவெனில் இல்லை. 1892 இல் இதனை ஆராய்ந்த குழு ஒன்று பழியைப் பாடசாலைகள் மீது சுமத்தியது. எனினும் ஹார்வாட் வகுத்த முதலாண்டுப் பாடம் அந்நாட்டின் ஏனைய கல்லூரிகளிலும் பரவி வேரூன்றியது. இவ்வழியின் அடிப்படையிலேயே ஒரு தவறு உளது. விளக்கில் எண்ணெய் வார்ப்பதுபோல் எழுத்தாற்றலை ஒருமுறை வார்த்துவிடலாம், பின்னர் எத்துறைக்குச் சென்றாலும் அவ்விளக்கு எரியும் என அது கருதுகின்றது. எழுத்து அத்தகையது அன்று.

அடுத்து நோக்கத்தக்கது நியூயோர்க் நகரிலே நிகழ்ந்தது. 1970 இல் அந்நகரப் பல்கலைக்கழகம், நகரின் உயர்நிலைப் பாடசாலைகளிற் சித்தியெய்திய அனைவருக்கும் தன் கதவைத் திறந்தது. நூல்களோடு பழகாத இல்லங்களிலிருந்து வந்த பலர் முதன்முறையாகப் பல்கலைக்கழகத்தின் படியேறினர். அவர்களின் எழுத்தைக் கண்ட ஆசிரியருட் சிலர், இவர்க்குக் கற்பித்தல் இயலாது எனக் கைவிரித்தனர். ஆங்கு சிற்றி கல்லூரியில் எழுத்துப் பயிற்சியை நடத்திய மைனா ஷோனெசி அம்மையார் அவ்வாறு கைவிரிக்கவில்லை. 1970 முதல் 1974 வரை புதுமுக மாணாக்கர் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை அவர் ஆராய்ந்தார். அதன் பயனாக 1977 இல் வெளிவந்ததே 'பிழைகளும் எதிர்பார்ப்புகளும்' எனப் பொருள்படும் பெயருடைய நூல்.

பிழை என்பது சோம்பலின் அடையாளமோ அறிவின்மையின் அடையாளமோ அன்று, அதற்கு ஒரு காரணமும் ஒழுங்கும் உண்டு என்பதே அந்நூலின் உயிர்நாடி. மாணவர் தாம் அறிந்த விதியொன்றைத் தமக்குப் புதிதான இடத்திலே பொருத்த முயலும்போது பிழை பிறக்கின்றது. ஆகவே பிழையைச் சிவப்பு மையாற் கோடிடுவதற்கு முன் அதனைப் படித்தல் வேண்டும். ஆசிரியரின் கடமையை இத்துணைப் பரிவோடும் நுட்பத்தோடும் எடுத்துரைத்த நூல்கள் மிகச் சிலவே. எனினும் நூலிலே ஒரு குறையும் உண்டு. அதன் பெரும்பகுதி கையெழுத்து, நிறுத்தக்குறி, வாக்கிய அமைதி, எழுத்துக்கூட்டல், சொல்வளம் என்பவற்றிலேயே செல்கின்றது. வாக்கியத்தைக் கடந்த கட்டுக்கோப்புக்குக் கிடைத்தது ஓர் அதிகாரமே. மாணவர் பிழையற எழுதக் கற்றபின் சரித்திர வகுப்பிலும் விஞ்ஞான வகுப்பிலும் அவர்க்குத் துணை யார் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

அதே 1977 ஆம் ஆண்டில் ஜனெற் எமிக் என்பார் வெளியிட்ட கட்டுரை ஒன்று இவ்வினாவுக்கு வழி காட்டியது. எழுதுதல் கற்றதை வெளியிடும் கருவி மாத்திரம் அன்று, அதுவே கற்கும் முறைகளுள் ஒன்று என அவர் நிறுவ முயன்றார். இக்கருத்து உண்மையாயின், எழுத்துப் பயிற்சி எல்லாத் துறைகளுக்கும் உரியதாதல் வேண்டும்.

இதனை ஓர் உதாரணத்தாற் தெளிவாக்கலாம். உப்புக் கரைசல் ஒன்றிலே வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை இட்ட மாணவர், 'குளோரைட்டு தோன்றக் கண்டேன்' என எழுதுகின்றார். மொழி ஆசிரியர் அவ்வாக்கியத்திற் பிழை காணார். எழுவாய் பயனிலை யாவும் பொருந்தியுள்ளன. இரசாயன ஆசிரியரோ அதிலே பெரும் பிழை காண்பார். மாணவர் கண்டது வெண்ணிற வீழ்படிவே. குளோரைட்டு என்பது அவர் ஊகித்தது. வெண்ணிற வீழ்படிவைத் தரவல்ல பொருள் வேறும் உண்டாதலால், ஊகத்தை உறுதி செய்ய மேலும் சோதனை வேண்டும். கண்டதையும் ஊகித்ததையும் வேறுபிரித்து எழுதக் கற்றலும் விஞ்ஞானம் கற்றலும் வேறல்ல. அவ்வாறே 'மக்கள் வரியை எதிர்த்தனர்' என்னும் வாக்கியத்தில் இலக்கண வழு இல்லை. ஆயின் எம்மக்கள், எச்சான்றினால் அறிந்தீர் என வினவுதற்கு உரியவர் சரித்திர ஆசிரியரே.

இங்கே துறை ஆசிரியர் கூறும் தடை யாதெனில், பாடத்தை முடிப்பதற்கே காலம் போதாது, எழுத்தைத் திருத்துவது எவ்வாறு என்பதாகும். இத்தடை புறக்கணிக்கத்தக்கது அன்று. ஆயின் வேண்டுவது மிகுதியான திருத்தம் அன்று. திருத்தம் உரிய காலத்தில் அமைதலே. புள்ளி இட்டபின் எழுதும் குறிப்பு, நோயாளி இறந்தபின் எழுதும் மருந்துச்சீட்டுப் போன்றது. முதற்படியைப் பார்த்துச் சொல்லும் இரண்டொரு சொல்லே பயன் தரும். பிறவுண் பல்கலைக்கழகம் 1982 இல் தொடங்கிய திட்டம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. பல துறைகளிலுமிருந்து தெரிந்தெடுத்துப் பயிற்றப்பட்ட மாணாக்கரே அங்கு சக மாணாக்கரின் முதற்படியைப் படித்துக் கருத்துரைப்பர். எழுதியவர் அதனைத் திருத்தியபின்னரே ஆசிரியரிடம் சேர்ப்பர். மாணவர் தம் எழுத்துக்கு ஒரு வாசகர் உளர் என்பதை உணர்தலே இத்திட்டத்தின் சிறந்த பயன் என்பது எம் கருத்து.

எல்லார்க்கும் பொதுவான கடமை ஒருவர்க்கும் உரியதன்று ஆகிவிடும் அபாயமும் உண்டு. கலிபோர்னியாவின் பேர்க்லியில் 1947 இல் பல துறை ஆசிரியரும் கூடி எழுத்தைத் திருத்த அமைத்த குழு 1960 களில் மறைந்தொழிந்தது. ஆர்வம் ஒன்றே நிறுவனம் ஆகாது. துறைகள் பொறுப்பை ஏற்க, அவற்றுக்கு முறை காட்டும் சிறு நிலையம் ஒன்றும் இருத்தல் வேண்டும்.

இவ்வனுபவம் நமக்கும் அயலானது அன்று. 1942 இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்திலே கற்பித்தது. 1960 முதல் கலைத்துறை மாணாக்கர் தாய்மொழி மூலம் கற்க வழி பிறந்தது. தாய்மொழியாதலால் எழுத்து தானே வரும் என நம்புதல் எளிது. ஆயின் பொருளியலின் உரைநடையை எவரும் தாய்ப்பாலோடு பெறுவதில்லை. தமிழிலும் அது கற்பிக்கப்படல் வேண்டும். தமிழிற் படித்து வந்து விஞ்ஞானத்தை ஆங்கிலத்திற் பயிலும் மாணாக்கரின் சுமையோ இருமடங்கானது. அவர்க்கு ஆங்கில ஆசிரியர் சொல்லையும் வாக்கியத்தையும் தரலாம். கண்டதையும் ஊகித்ததையும் பிரிக்கும் திறனை விஞ்ஞான ஆசிரியரே தருதல் கூடும். அதனை மாணவர் முதலில் தமிழிலே எழுதிப் பழகுவதிலும் இழுக்கில்லை.

கல்வியின் வாயிலைப் பலர்க்குத் திறத்தல் நற்செயலே. திறந்தபின் உள்ளே வந்தவர்க்கு எழுதும் வழியைக் காட்டாது, பரீட்சையில் அவ்வெழுத்தையே குற்றமாகக் கொள்ளுதல், வெளிக்கதவைத் திறந்து உட்கதவைப் பூட்டுதல் போலாகும். அவ்வுட்கதவின் திறவுகோல் ஒவ்வொரு துறை ஆசிரியரின் கையிலும் உளது என்பதே எம் துணிபு.