பினாங்கு கைவிடப்பட்ட நாள்களும் நம் எழுத்தும்

மலாயாவில் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை குறைவல்ல. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993-இல் நூலாக வந்தது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' அதே துயரத்தைக் கூறும் மற்றொரு புதினம். இவர்களுக்கு முன்பே ப. சிங்காரம் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' என்னும் இரு புதினங்களில் பினாங்கையும் மேடானையும் போர்க்காலத் தமிழரின் உலகமாகத் தீட்டிக் காட்டினார். இவற்றையும் இவற்றையொட்டி எழுந்த சிறுகதைகளையும் ஒருசேர வைத்துப் படிக்கும்போது ஒரு குறை புலனாகிறது. ஜப்பானியன் வந்த பிறகு நடந்தவை விரிவாகச் சொல்லப்படுகின்றன. வெள்ளையன் போன விதமோ இரண்டொரு வாக்கியத்தில் கடந்து போகிறது. 1941 டிசம்பர் 8 முதல் 19 வரை, பன்னிரண்டே நாள்கள். அந்நாள்களில் பினாங்கில் நிகழ்ந்தவற்றை நம் எழுத்து தொட்டுவிட்டுப் போயிற்றே அன்றி, நின்று நோக்கவில்லை.

இது வெறும் வரலாற்றுக் குறையன்று. இலக்கியக் குறையும் ஆகும். பின்னர் நம் மக்களில் ஆயிரக்கணக்கானோர் ஏன் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர், ஜப்பானியனின் வாக்குறுதியைத் தொடக்கத்தில் ஏன் பலர் நம்பினர் என்பவை அந்தப் பன்னிரண்டு நாள்களை அறியாதவர்க்கு விளங்கமாட்டா. காரணம் கூறாமல் விளைவை மட்டும் கூறும் புதினத்தில் பாத்திரங்கள் உணர்ச்சி வேகத்தில் இழுபட்டுச் செல்பவர்களாகவே தோன்றுவர். நம் போர்க்காலக் கதைகள் பலவற்றில் தோன்றுவதும் அப்படித்தான்.

நிகழ்ந்தவற்றைச் சற்று நினைவுகூர்வோம். டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பானியர் கோத்தாபாருவில் இறங்கினர். 10-ஆம் நாள் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்னும் இரு பெரும் போர்க்கப்பல்கள் கிழக்குக் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. மறுநாள், 11-ஆம் நாள் காலையில், ஜார்ஜ் டவுனின் மேல் குண்டுகள் விழுந்தன. விமானங்களைக் கண்டு ஒளிய வேண்டும் என்பதை நகர மக்கள் அறிந்திருக்கவில்லை. கடைத்தெருக்களில் நின்று அண்ணாந்து பார்த்தனர். நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்; கடற்கரைத் தெருவும் அதனைச் சுற்றிய பகுதிகளும் எரிந்தன. துறைமுகத் தொழிலாளரும் படகோட்டிகளும் குடும்பங்களைத் தேடி ஓடிவிட்டதால் பட்டர்வொர்த்துக்குச் செல்லும் பயணப் படகுகளை ஓட்ட ஆளில்லை. மூழ்கிய இரு கப்பல்களிலிருந்து உயிர் தப்பிய மாலுமிகளைக் கொண்டுவந்து அப்படகுகளை இயக்கினர்.

அந்தப் படகுகளில் ஏறிச் சென்றவர்கள் யார் என்பதே கேள்வி. 13-ஆம் நாள் இரவு ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் அக்கரை கடந்து இரயிலேறினர். 16-ஆம் நாள் இரவு எஞ்சிய படையும் ஐரோப்பிய அதிகாரிகளும் வணிகரும் வெளியேறினர். நகரத்தின் ஆசிய மக்களுக்கு எவ்வித அறிவிப்பும் இல்லை. தொண்டர் படையில் இருந்த ஆசியர்கள் உடன் வரலாம், ஆனால் குடும்பத்தை விட்டுவிட்டு வரவேண்டும் என்று கூறப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் குடும்பத்தோடு தங்கினர்.

இங்கு ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பினாங்கை விட்டுப் படை பின்வாங்கியது தவறென்று கூற இயலாது. அக்கரையில் கெடா போர்முனை உடைந்துவிட்டது. தீவைக் காக்க விமானங்களும் இல்லை. விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் இல்லை. இருந்த சிறு படை அங்கேயே நின்றிருந்தால் நகரம் மேலும் அழிந்திருக்கும். ஆகவே பின்வாங்கிய செயலைக் கோழைத்தனம் என்று சாடும் நம் மேடைப் பேச்சு வரலாற்றின் முன் நிற்காது. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. இருளில் மக்களை நிறத்தால் பிரித்தது ஒன்று. பிறகு அதனை மறைத்துப் பேசியது மற்றொன்று.

இரண்டாவது குற்றமே மக்களை அதிகம் புண்படுத்தியது என்பது என் கருத்து. லண்டன் அமைச்சரவையின் பிரதிநிதியாகச் சிங்கப்பூரில் இருந்த டஃப் கூப்பர் வானொலியில் பேசினார். பினாங்கு மக்களில் பெரும்பாலோர் பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டு விட்டனர் என்னும் பொருள்பட அப்பேச்சு அமைந்தது. அவர் மனத்தில் 'மக்கள்' என்ற சொல்லுக்கு யார் பொருளாக இருந்தனர் என்பது கேட்டோர்க்கு உடனே விளங்கிற்று. பல்லாயிரம் சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் யுரேசியரும் தீவில் இருக்க, தீவு காலியாகிவிட்டது என்று ஒரு குரல் கூறுகிறது! குண்டு விழுந்ததை மன்னித்திருப்பார்கள், தோற்றதையும் மன்னித்திருப்பார்கள். எண்ணிக்கையிலேயே சேர்க்கப்படாமற் போனதை எப்படி மன்னிப்பது? சிங்கப்பூரில் ஆசியத் தலைவர்களின் சினம் அவ்வளவு கடுமையாக இருந்தமையால், ஆளுநர் ஷெண்டன் தாமஸ் இனி வெளியேற்றத்தில் இனவேற்றுமை இராது என்று வாக்களிக்க நேர்ந்தது. அவ்வாக்கு முழுமையாகக் காக்கப்படவில்லை. கப்பலில் இடம் கிடைத்தாலும், ஆசியரை ஏற்கும் துறைமுகம் கிடைப்பது அரிதாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் குடிநுழைவுக் கொள்கை அன்று அத்தகையது.

போனவர்கள் எதையெல்லாம் விட்டுச் சென்றனர் என்பதும் கருதத்தக்கது. வானொலி நிலையம் அழிக்கப்படாமல் நின்றது. இயந்திரப் படகுகள் இருபதுக்கு மேல், அவற்றோடு தொங்கான்களும் சரக்குப் படகுகளும் துறைமுகத்தில் அப்படியே கிடந்தன. அவ்வானொலி ஜப்பானியரின் குரலாயிற்று. அப்படகுகள் அடுத்த சில வாரங்களில் பேராக் கரையோரம் பிரிட்டிஷ் படையின் பின்புறத்தில் ஜப்பானியர் இறங்கப் பயன்பட்டன. மனிதரை ஏற்றிச் செல்லப் படகில்லை என்ற துறைமுகத்தில் பகைவனுக்குப் படகு இருந்தது. இந்த முரண்பாட்டைக் காட்டிலும் ஒரு புதின ஆசிரியனுக்கு வேறென்ன வேண்டும்?

வெள்ளையர் போன பின், ஜப்பானியர் வருமுன், நகரம் யார் கையில் இருந்தது? 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து, இலங்கைத் தமிழர். அவரும் பல இனத்துப் பிரமுகர்களும் குழுவாகக் கூடி நகரைப் பொறுப்பேற்றனர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றியவர் சரவணமுத்துவே. நகரில் படை இல்லை, குண்டு வீச வேண்டாம் என்று வானொலி வழியாக ஜப்பானியருக்கு அறிவித்தவரும் அவரே. 19-ஆம் நாள் ஜப்பானியர் நுழைந்தனர். பின்னர் அவரையே சிறையிலிட்டனர். தம் வாழ்க்கையை அவர் 'தி சாரா சாகா' என்னும் நூலாக எழுதினார். 1970-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பினாங்கின் ஆட்சி ஒரு தமிழ்ப் பத்திரிகையாளன் கைக்கு வந்த அந்த நாள்களைப் பற்றி நம் எழுத்தாளர் கூட்டங்களில் எத்தனை முறை பேசியிருக்கிறோம்? நேதாஜி சிங்கப்பூரில் இறங்கிய நாளை விழாவாகக் கொண்டாடுகிறோம். கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் யாரும் வந்து காக்காத நேரத்தில் தம் தெருவைத் தாமே காத்தவர்கள் நம் கதைகளில் இடம் பெறாதது ஏனோ? வீரம் என்றால் சீருடையோடுதான் வரவேண்டும் என்று நாம் கருதிவிட்டோம் போலும்.

இனி, இவ்வெளியேற்றம் நட்புறவுகளை எவ்வாறு முறித்தது என்று பார்க்கலாம். ஏகாதிபத்தியத்தில் நட்புறவு ஏது என்று கேட்போர் உண்டு. சமமானவரின் நட்பு இல்லைதான். ஆனால் ஒரு பேரம் இருந்தது. நீ உழைப்பும் விசுவாசமும் கொடு, நான் காவல் கொடுப்பேன் என்பதே அப்பேரம். அந்த நாள்களில் அது மூன்று இடங்களில் தெறித்ததைக் காணலாம்.

முதலாவது கெடாவில். சுல்தானைப் பினாங்கு வழியாகத் தெற்கே கொண்டு செல்ல ஏற்பாடாயிற்று. அப்போது கூலிம் மாவட்ட அதிகாரியாக இருந்த அவர் மகன் துங்கு அப்துல் ரகுமான் தந்தையின் காரை வழிமாற்றிக் கூலிமிலேயே தங்கச் செய்தார். அரசர் தம் மக்களோடு இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பினாங்கில் அதிகாரிகள் செய்ததற்கு நேர்மாறான ஒரு முடிவு, ஓர் இளவரசரிடமிருந்து, அதே வாரங்களில்!

இரண்டாவது இந்தியச் சிப்பாய்களிடையே. ஜித்ராவில் சிதறிய படையிலிருந்து ஜப்பானியர் கையில் அகப்பட்ட கேப்டன் மோகன் சிங், அந்த டிசம்பரிலேயே இந்திய தேசிய இராணுவத்துக்கு வித்திட்டார். 1942 பிப்ரவரி 17-இல் சிங்கப்பூர் ஃபாரர் பார்க்கில் ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்கள் திரட்டி நிறுத்தப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். பினாங்கிலோ வழக்கறிஞர் என். ராகவன் இந்திய சுதந்திரச் சங்கத்தின் முன்னணியில் நின்றார்; இந்தியாவுக்குள் அனுப்ப இளைஞர்களைப் பயிற்றும் சுயராஜ்ய நிலையம் இத்தீவிலேயே நடந்தது. இங்கிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் சென்ற வக்கம் அப்துல் காதர் உள்ளிட்ட நால்வர் 1943 செப்டம்பர் 10-இல் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். இவர்களைத் துரோகிகள் என்றது பிரிட்டிஷ் சட்டம். பேரத்தை முதலில் முறித்தவர் யார் என்று அச்சட்டம் கேட்டதில்லை.

மூன்றாவது ஆஸ்திரேலியா. 1941 டிசம்பர் 27-இல் அந்நாட்டுப் பிரதமர் ஜான் கர்டின், தம் நாடு இனி அமெரிக்காவையே எதிர்நோக்கும் என்று பத்திரிகையில் எழுதினார். பினாங்கு மட்டும் அதற்குக் காரணமன்று. மலாயாப் போர் முழுவதும் காரணம். ஆயினும் வெள்ளை இனத்தவரிடையேகூட லண்டனின் சொல் செல்லாக்காசாயிற்று என்பதற்கு அது சான்று.

இதுவரை பிறரைக் குறை கூறினோம். நம்மைப் பற்றியும் கூற வேண்டும். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தபோது துறைமுகத்தில் வரவேற்பு இருந்தது. ஜப்பானியர் ஆட்சியின் கொடுமையால் அது இயல்பே. ஆனால் 1948 இறுதியில் பினாங்கின் வணிகப் பிரமுகர்கள் பலர், இத்தீவு மலாயாக் கூட்டரசிலிருந்து பிரிந்து பிரிட்டிஷ் முடியாட்சியின் நேரடிக் குடியேற்றமாகவே நீடிக்க வேண்டும் என்று இயக்கம் நடத்தினர். 1949 பிப்ரவரியில் அத்தீர்மானம் தோற்றது. தங்களை நள்ளிரவில் விட்டுச் சென்றவனின் கொடியைப் பிடித்துக்கொள்ள ஏழே ஆண்டுகளில் ஒரு கூட்டம் முன்வந்தது! துறைமுக வரியும் வணிக நலனும் நினைவைவிட வலியவை. இந்த இரண்டாம் அத்தியாயத்தை மறைத்துவிட்டு முதல் அத்தியாயத்தை மட்டும் எழுதினால் அது வரலாறாகாது, பொருமலாகும். சிங்காரத்தை நான் மதிப்பது இதனால்தான். அவருடைய பினாங்கில் கிட்டங்கியின் பேரேடும் இருக்கிறது, துப்பாக்கியும் இருக்கிறது. இலட்சியம் பேசியவர்கள் ஊருக்குத் திரும்பிய பின் அந்தப் பேரேட்டின் முன் நிற்க வேண்டியிருப்பதை அவர் மறைக்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் துயரத்தை எழுதினார்கள். இந்தக் கூர்மையை எழுதியவர் குறைவு.

தோட்டத் தமிழனுக்கோ பேரேடும் இல்லை, தீர்மானமும் இல்லை. 1941-இல் அவன் வெளியேற்றப் பட்டியலில் இல்லை. 1943-இல் சயாம் இரயில்பாதைப் பட்டியலில் இருந்தான். அவனை நோக்கும்போது, நம் நகரத்துப் பிரமுகர்களின் மனப்புண்கூடச் சிறிதாகிவிடுகிறது.

பிறகு வந்த வெளியேற்றம் அமைதியாக நடந்தது. 1968 சனவரியில் பிரதமர் ஹெரால்ட் வில்சன், சூயசுக்குக் கிழக்கே உள்ள படைகள் 1971-க்குள் திரும்பும் என்று அறிவித்தார். 1957-இல் செய்துகொண்ட தற்காப்பு ஒப்பந்தத்தின் இடத்தில் 1971 நவம்பரில் ஐந்து நாடுகளின் பாதுகாப்பு ஏற்பாடு வந்தது. தாக்குதல் நேர்ந்தால் கலந்து பேசுவோம் என்பதே அதன் சாரம். வந்து காப்போம் என்ற உறுதி அதில் இல்லை. அதே மாதத்தில் கோலாலம்பூரில் தென்கிழக்காசிய நாடுகள் நடுநிலைப் பிரகடனம் செய்தன. வாக்குறுதியின் அளவை உணர்ந்து தம் வழியைத் தாமே பார்த்துக்கொள்ளும் பாடத்தை இந்நாட்டுத் தலைவர்கள் 1941-லேயே பயின்றிருந்தனர்; பிரதமராக 1957-இல் ஒப்பந்தத்தில் நின்ற துங்குதான் கூலிமில் காரை நிறுத்திய துங்கு.

1975-இல் சைகோனிலும், 2021 ஆகஸ்டில் காபூலிலும் நிகழ்ந்தவற்றை உலகம் படமாகவே கண்டது. கூரைமேல் ஹெலிகாப்டர், ஓடுபாதையில் விமானத்தைத் தொற்றியோடும் மக்கள். காபூல் வீழ்ந்தபோது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே அமெரிக்காவைக் குறைகூறிப் பலர் பேசினர். நம்பி உழைத்த மொழிபெயர்ப்பாளர்களை விட்டுவரலாமா என்று கேட்டனர். நல்ல கேள்விதான். பினாங்கிலிருந்து அதைக் கேட்டவர்களுக்கு அதில் ஒரு பழைய எதிரொலியும் கேட்டிருக்கும். அன்று இங்கே படம் பிடிக்க ஆளில்லை. ஆகவே அந்த வேலை எழுத்தாளனுடையதாயிற்று.

சரவணமுத்துவின் நூல் இருக்கிறது; அது தலைவர் ஒருவரின் பார்வை. 16-ஆம் நாள் இரவு வெல்ட் கீயில் படகுக்கு மூட்டை சுமந்த கூலியின் பார்வை, மறுநாள் காலை துரையின் பங்களாவில் யாருமில்லாதது கண்டு நின்ற சமையற்காரனின் பார்வை, கிட்டங்கியில் பூட்டிய பெட்டகத்தின் அருகே படுத்திருந்த மேலாளின் பார்வை ஆகியவை இன்னும் எழுதப்படவில்லை. அவர்களுள் எவரும் இன்று நம்மிடையே இலர். அவர்கள் பேரப்பிள்ளைகள் இருக்கின்றனர். வீட்டில் கேட்டது கொஞ்சமேனும் அவர்களுக்கு நினைவிருக்கும்.