குதிரில் கிடக்கும் பாடங்கள்

2018இல் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் புதிதாக எழுதப்பட்டபோது, பாடங்களோடு க்யூஆர் கோடுகளும் அச்சாகி வந்தன. போனில் ஸ்கேன் செய்தால் பாடத்துக்கான காணொளி திறக்கும். சிக்னல் எட்டாத ஊரில் அது புத்தகத்தில் ஒரு கறுப்புக் கட்டம், அவ்வளவுதான். பள்ளிகளைக் கணக்கெடுக்கும் அரசின் யூடைஸ் தரவுப்படி 2021-22இல் இந்தியப் பள்ளிகளில் 33.9 விழுக்காட்டில்தான் இணையம் இருந்தது. 2023-24இல் அது 53.9 ஆக உயர்ந்தது. நல்ல வளர்ச்சிதான். ஆனாலும் ஏறக்குறைய பாதிப் பள்ளிகள் அப்போதும் வெளியேதான் நின்றன. இணைப்பு இருப்பதாகக் கணக்கில் ஏறிய பள்ளியிலும் நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் காணொளி பார்க்க முடிகிறதா என்பதை அந்த எண் சொல்லாது.

இணையம் வராத இடத்துக்கு அதிலுள்ள நல்ல சரக்கை மட்டும் அள்ளிக்கொண்டு போய்விடலாம் என்ற யோசனை இருபது ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வைடர்நெட் திட்டம், ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நூலகத்தையே நிரப்பி அனுப்பியது. அதற்கு வைத்த பெயர் இ-கிரானரி. நம் வழக்கில் குதிர். விக்கிப்பீடியாவை இணையமின்றிப் படிக்க வைக்கும் கிவிக்ஸ் 2007இல் வந்தது. கான் அகாடமியின் பாடங்களை அப்படியே தரும் கேஏ லைட் 2012இல் வந்தது. அதை உருவாக்கிய லேர்னிங் ஈக்வாலிட்டி அமைப்பே 2017இல் கோலிப்ரியை வெளியிட்டது. வேர்ல்டு பாசிபிள் அமைப்பின் ரேச்சலும் இன்டர்நெட்-இன்-எ-பாக்ஸும் இதே குடும்பம்தான்.

இந்த நூலகங்களைச் சுமக்கும் சர்வர் பெட்டியின் உடல் மிக எளியது. 2012இல் 35 டாலருக்கு வந்த ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினிப் பலகை போதும். 2016இல் வந்த மாடலிலிருந்து வைஃபையும் அதற்குள்ளேயே இருக்கிறது. பவர் பேங்க்கிலும் ஓடும், சின்ன சோலார் தகட்டிலும் ஓடும். வகுப்பிலிருக்கும் டேப்களும் பழைய மடிக்கணினிகளும் அதன் வைஃபையில் சேர்ந்தால் பிரவுசரிலேயே பாடம் திறக்கும். டேட்டா செலவு இல்லை, விளம்பரம் இல்லை. பிள்ளை ஒரு காணொளியைத் தேடப் போய் வேறெங்கோ இழுத்துச் செல்லப்படும் பயமும் இல்லை. பெற்றோருக்கு இந்தக் கடைசி நிம்மதியே பெரிது.

இதைவிடப் பெரிய பலம் பலரின் கண்ணில் படுவதில்லை. கோலிப்ரியில் ஆசிரியருக்குத் தனித் திரை உண்டு. யார் எந்தக் கணக்கில் எத்தனை முறை தடுக்கி விழுந்தார்கள் என்று அதில் தெரியும். எட்டாம் வகுப்பில் உட்கார்ந்து ஐந்தாம் வகுப்புப் பின்னத்தில் தவிக்கும் பிள்ளைக்கு அந்த ஐந்தாம் வகுப்புப் பயிற்சியையே கொடுக்க முடியும். இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் மென்பொருளை வைத்து நடந்த ஆய்வு சான்று. கார்த்திக் முரளிதரனும் சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட அந்த ஆய்வில், பள்ளி நேரத்துக்கு வெளியே நாலரை மாதம் அந்த மையங்களில் படிக்க இடம் கிடைத்த பிள்ளைகளின் கணித மதிப்பெண் 0.37 திட்டவிலக்கம் உயர்ந்தது. கல்வி ஆய்வுகளில் அது பெரிய உயர்வு. அந்த மென்பொருள் பிள்ளையின் வகுப்பைப் பார்க்காமல் அவன் நிற்கும் படியைப் பார்த்துப் பாடம் கொடுத்தது. தினமும் பாதி நேரம் திரை என்றால் மறுபாதி நேரம் ஒரு துணை ஆசிரியர் சிறு குழுவாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அந்த மறுபாதியை மறந்துவிட்டுத்தான் நாம் பெட்டிகளை வாங்குகிறோம்.

மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு பெரு நாடு இருக்கிறது. ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தில் அங்கே லட்சக்கணக்கில் மடிக்கணினிகள் போயின. ஏறக்குறைய இருநூறு மின்னூல்களும் உள்ளே இருந்தன. இன்டர்-அமெரிக்கன் வளர்ச்சி வங்கி 319 கிராமப்புறப் பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் சொன்ன முடிவு: கணிதத்திலும் மொழியிலும் தேர்ச்சி உயர்ந்ததற்கு அடையாளம் இல்லை. சர்வர் வேறு, மடிக்கணினி வேறுதான். ஆனால் பொருளைக் கொண்டுபோய் இறக்கினால் படிப்பு தானாக நடக்கும் என்ற நம்பிக்கை இரண்டுக்கும் பொது.

சில பலவீனங்கள் அற்பமாகத் தெரிந்து வகுப்பையே கவிழ்த்துவிடும். ராஸ்பெரி பையின் பெரும்பாலான மாடல்களில் நேரம் காக்கும் பேட்டரி கிடையாது. வெள்ளி மாலை அணைத்துவிட்டுத் திங்கள் காலை போட்டால், இணையம் இல்லாத பெட்டி இன்னும் வெள்ளி மாலை என்றே நினைத்துக்கொள்ளும். ஆசிரியர் நம்பிப் பார்க்கும் பதிவுகளில் தேதிகள் குழம்பிவிடும். திடீரென்று கரண்ட் போனால் மெமரி கார்டு கெட்டுப்போகக்கூடும். ஆண்ட்ராய்டு போன் இந்த வைஃபையில் சேர்ந்ததும் ‘இணையம் இல்லை’ என்று எச்சரித்து, பாதியில் மொபைல் டேட்டாவுக்குத் தாவும். ஒரே நேரத்தில் இருபது, முப்பது கருவிகள் சேர்ந்தால் உள்ளிருக்கும் வைஃபை திணறும். ஒவ்வொன்றுக்கும் மாற்று உண்டு. நேரம் காக்கும் சின்னப் பலகை, நல்ல யுபிஎஸ், தனி ரவுட்டர் எல்லாம் சேர்த்தும் பெரிய தொகை ஆகாது. ஆனால் முப்பத்தைந்து பிள்ளைகள் முன்னால் இரண்டு முறை பெட்டி காலைவாரினால் மூன்றாம் முறை அதைத் தொட எந்த ஆசிரியருக்கும் மனம் வராது. அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

எனக்கு அதிகம் வலிப்பது உள்ளடக்கத்தின் குறைதான். படங்களோடு ஆங்கில விக்கிப்பீடியா முழுவதையும் 100 ஜிபிக்குச் சற்று மேலான அளவுக்குச் சுருக்கி ஏற்றலாம். தமிழ் விக்கிப்பீடியாவையும் ஏற்றலாம், அதில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. ஆனால் அவை வளர்ந்தவர்கள் வளர்ந்தவர்களுக்காக எழுதியவை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒளிச்சேர்க்கையை விளக்கும் பக்கமாக அவற்றை வைத்துக்கொள்ள முடியாது. பெட்டிக்குள் எது போகும் என்பதைப் பாடத்தின் தரம் மட்டும் முடிவு செய்வதில்லை, உரிமமும் முடிவு செய்கிறது. யூடியூபில் அருமையான தமிழ்ப் பாடங்கள் எத்தனையோ கிடக்கின்றன. இலவசமாகப் பார்க்கக் கிடைக்கிறதே தவிர, நகலெடுத்துப் பரப்பும் உரிமை பெரும்பாலும் கிடையாது. அதனால் திறந்த உரிமத்தோடு வந்த ஆங்கிலப் பாடம் பெட்டியை நிரப்புகிறது, நம் வாத்தியாரின் பாடம் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

மலைப்பள்ளி ஒன்றில் இந்தப் பெட்டியைத் திறந்து காட்டியபோது, உலக வரைபடம், சூரியக் குடும்பம் எல்லாம் பார்த்து முடித்த ஒரு சிறுமி, “எங்க ஊரு இதுல எங்க சார் இருக்கு?” என்று கேட்டாள். ஊர் இல்லை. அவர்கள் பயிரிடும் தினை இல்லை, பக்கத்து ஓடை இல்லை. ஆனால் இது சர்வர். கொடுக்கும், வாங்கியும் வைத்துக்கொள்ளும். இன்டர்நெட்-இன்-எ-பாக்ஸில் வேர்ட்பிரஸ் இருக்கிறது. இணையமே இல்லாமல் அந்த வகுப்பு தன் ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அதற்குள் வைத்திருக்கலாம். பாட்டி சொல்லும் விதைப்புக் கணக்கைப் பதிவு செய்து ஏற்றியிருக்கலாம். யாரும் அதை அவர்களுக்குக் காட்டவில்லை, நானும் அன்று காட்டவில்லை. கோலிப்ரியில் இது இன்னும் சிரமம். சொந்தமாகப் பாடத் தொகுப்பு அமைக்கும் கோலிப்ரி ஸ்டுடியோ இணையத்தில்தான் இயங்குகிறது. இணையமில்லாத ஆசிரியர் பாடத்தைப் பெறலாம், சொந்தப் பாடத்தைச் சேர்க்க வேண்டுமென்றால் டவுனுக்குப் போக வேண்டும்.

பெட்டி இருக்கிறதே என்று சொல்லி இணைப்பைத் தள்ளிப்போடும் அபாயமும் உண்டு. அதை ஒப்பவே முடியாது. ஆனால் கம்பி வரும்வரை பிள்ளைகள் வளராமல் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே எனக்குப் பெட்டி வேண்டும். அதோடு வாங்கும் விலைப்பட்டியலில் இன்னும் சில வரிகளும் வேண்டும்: மாற்று மெமரி கார்டு இரண்டு, மாதம் ஒருமுறை புதுப் பாடங்களை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவர ஓர் ஆசிரியர் டவுனுக்குப் போய்வரும் பஸ் செலவு, அந்த நாளை அவருக்குப் பணிநாளாகக் கணக்கிடும் ஓர் உத்தரவு. அந்த மலைப்பள்ளியில் பெட்டியை இயக்கத் தெரிந்த ஒரே ஆசிரியர் அடுத்த ஆண்டு மாற்றலாகிப் போனார். நான் மறுபடி போனபோது அது பீரோவில் பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று தேடவே அரை நாள் ஆனது.