பந்துனும் உள்ளுறையும்

மலாய்ப் பந்துனின் முதலிரண்டு அடிகள் ஓசைக்காக வந்தவை, பொருள் முழுவதும் பின்னிரண்டு அடிகளிலேயே உள்ளது என்று கூறுவாரும் உளர். தோட்டத்துத் தெம்மாங்கின் தொடக்கத்தில் கித்தா மரமும் மங்கும் வருவதையும் அவர்கள் எதுகை நிரப்பு என்றே தள்ளிவிடுவர். இவ்விரண்டையும் ஒரே கோலால் அளப்பது பொருந்தாது.

தாய்வழி உரிமை பேணும் மலாய்க் கிராமங்களும் தமிழர் உழைத்த கித்தாத் தோட்டங்களும் அடுத்தடுத்து அமைந்த மாநிலம் நெகிரி செம்பிலான். ஆதலின் இந்த ஒப்பீட்டுக்கு அதனினும் ஏற்ற இடம் வேண்டுவதில்லை.

பந்துனின் முன்னடிகளுக்குப் 'பெம்பாயாங்' என்று பெயர். நிழல் காட்டுவது என்பது கருத்து. முதலடி மூன்றாமடியோடும் இரண்டாமடி நான்காமடியோடும் இயைபு கொள்ளும். அந்த நிழல் சிலவற்றில் பொருளையும் தழுவும். பலவற்றில் ஓசையளவில் நின்றுவிடும். (ஒரு பந்துனின் இரண்டாம், நான்காம் அடிகள் அடுத்த பந்துனின் முதலாம், மூன்றாம் அடிகளாக வரும் தொடர்வகையும் உண்டு. நம் அந்தாதிக்கு உறவு எனலாம். 1829-இல் விக்தோர் யூகோ தம் நூற்குறிப்பில் வெளியிட்டது இவ்வகையே.)

உள்ளுறையோ ஓசையை நம்பி நிற்பதன்று. தெய்வம் நீங்கலான கருப்பொருள்களே அதற்கு இடம் என்பது தொல்காப்பியர் விதி. அவ்விதிப்படி தோட்டத்து எல்லையில் நிற்கும் முனியாண்டிக்கு அதில் இடமில்லை. மரத்துக்கும் மங்குக்கும் உண்டு!

விடியுமுன் சீவிய மரத்தில் பால் வடிந்துகொண்டிருக்கையில் மழை வந்தால், மங்கிலுள்ள பால் நீரோடு வழிந்துபோகும்; அன்றைய உழைப்பு வீண். ஒருத்தி தன் மணப்பேச்சு முறிந்ததைச் சொல்லாமல், நிறைந்த மங்கில் மழை விழுந்ததை மட்டும் பாடுகிறாள் எனக் கொள்வோம். மங்கு அவள் நெஞ்சம். பால் பன்னாள் சேர்த்த அன்பு. மழை ஊரார் வாய். உறுப்புக்கு உறுப்பு பொருந்துகின்றது. இதனை எதுகை நிரப்பு என்பவர் பாட்டின் உயிரையே விட்டுவிடுகின்றனர்.

எனினும் கருப்பொருளை அறிந்தவர்க்கே உள்ளுறை விளங்கும். கித்தாக்காடுகள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. மங்கையே காணாத மாணவனுக்கு அந்தப் பாட்டு மழைப்பாட்டாகவே கேட்கும். பந்துனை அவன் மலாய்ப் பாடவேளையில் கற்கிறான்; அதிலிருந்தே தொடங்கி, ஒரு மங்கையும் மேசைமேல் வைத்துக்கொண்டு ஆசிரியர் உள்ளுறையை விளக்கலாம். சூத்திரம் பிறகு வரட்டும்.