கோல் பிடித்தவர் பெயர் எங்கே?

2025 மார்ச் 8, லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கம். இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனியை ராயல் பில்ஹார்மானிக் கன்சர்ட் ஆர்கெஸ்ட்ரா அரங்கேற்றியது. கண்டக்டராகக் கோல் பிடித்தவர் மிக்கேல் டாம்ஸ். “ராஜா எழுதியதை ராஜாதானே நடத்தியிருக்க வேண்டும்?” என்று கோலார் தங்கவயலில் பலர் இன்னமும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அன்று எடுத்த முடிவு சரியானது என்பதே என் கணிப்பு.

காரணம் தொழில் சம்பந்தப்பட்டது. நம் பாடகர்கள் தொடையில் தாளம் போடும்போது தட்டும் ஒலியும் ஒரே கணத்தில் விழும். ஆர்கெஸ்ட்ரா கண்டக்டரின் கை ஒலிக்கு முன்னாலேயே போய்விட வேண்டும். கோலை மேலே தூக்கும் அந்த ஓர் அசைவில் அடுத்த அடியின் வேகமும், அது மெதுவாக விழுமா ஓங்கி விழுமா என்பதும் வாசிப்பவருக்குப் புரிந்துவிட வேண்டும். அதற்குள் ஊதுகுழல்காரர் மூச்சு இழுத்திருப்பார், வயலின்காரரின் வில் தந்திக்கு மேல் வந்து நிற்கும். வலது கை தாளத்தைக் காக்க, இடது கை ஒருவரை உள்ளே அழைக்கும், இன்னொருவரை அடக்கும். இதை ஆண்டுக்கணக்கில் ஆர்கெஸ்ட்ராவின் முன் நின்றுதான் கற்க முடியும். கால்பந்தில் ஆட்டத்தின் திட்டத்தை வகுப்பவர் பயிற்சியாளர். களத்தில் ஆட்டத்தை நகர்த்துபவர் கேப்டன். இங்கேயும் அப்படித்தான். ராஜாவுக்கு இது புதிதுமல்ல. 1993இல் ராயல் பில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்த அவரது முந்தைய சிம்பொனியை நடத்தியவர் ஜான் ஸ்காட். அந்தப் பதிவு இன்றுவரை வெளிவரவில்லை. எனக்குள் ஆறாத வருத்தம் அது.

ராஜாவின் உண்மையான சாதனை கோலுக்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. அவருக்கு முன்பு இருந்த வழக்கத்தைப் பாருங்கள். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டுப் போடுவார். மேற்கத்திய வாத்தியங்களுக்கு நொட்டேஷன் எழுத உதவியாளர் தனியாக இருப்பார். எம்.எஸ்.விஸ்வநாதனுக்கு ஜோசப் கிருஷ்ணாவும் ஹென்றி டேனியலும் அப்படித் துணை நின்றவர்கள். தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் படித்த ராஜா இந்த இரண்டு வேலைகளையும் ஒரே தலைக்குள் கொண்டுவந்தார். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்த பிறகு, வாத்தியத்தைத் தொடாமலே முழு ஸ்கோரையும் தாளில் எழுதி இறக்கும் மனிதரைக் கோடம்பாக்கம் கண்டது. காலையில் பிரசாத் ஸ்டுடியோவில் உட்கார்ந்து எழுதுவார். அதிலிருந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியைப் பிரித்து எழுதிக் கொடுப்பார்கள். அதே கால்ஷீட்டில் ஒத்திகை, அதே கால்ஷீட்டில் ஒலிப்பதிவு.

அங்கேதான் புருஷோத்தமன் வருகிறார். டிரம்ஸ் கலைஞர், ‘அன்னக்கிளி’ காலம் தொட்டு ராஜாவோடு இருந்தவர். இசைக்குழுவை நடத்தும் பொறுப்பும் அவர் தோள்மேல் இருந்தது. பல டிராக்குகளில் வெட்டி ஒட்டும் வசதி இல்லாத நாட்களை நினைத்துப் பாருங்கள். பாடகர் கண்ணாடி அறைக்குள் இருப்பார். வயலின் வரிசை ஒரு பக்கம், தபலா இன்னொரு பக்கம். இடையிசை முடிந்து சரணம் எடுக்கும் அந்த ஓர் இடத்தில் ஒருவர் கை பிசகினாலும் முழு டேக்கும் போச்சு, திரும்ப முதலிலிருந்து. எல்லோருடைய கண்ணும் கண்டக்டரின் கைமேல்தான் இருக்கும். நாம் தலைமுறை தலைமுறையாக ரசிக்கும் அந்த இடையிசைகளின் துல்லியத்தில் அவர் கைக்கும் பங்கு உண்டு. 2020 மே மாதம் அவர் மறைந்தபோது, இசைக்கலைஞர்களைத் தாண்டி எத்தனை ரசிகர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருந்தது?

தங்கவயல்காரர்களுக்கு ராஜாவோடு ஒரு பழைய உறவு உண்டு. ‘அன்னக்கிளி’க்கு முன்பு அவர் கன்னட இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளர். அன்று கன்னடப் படங்களின் பாடல்களும் பெரும்பாலும் சென்னையில்தான் பதிவாயின. சுரங்க ஷிப்ட் முடிந்து ராஜ்குமார் படம் பார்க்கப் போன நம் பெரியவர்கள், பெயர் தெரியாமலே, அன்று ராசையாவாக இருந்த ராஜாவின் கைவண்ணத்தைக் கேட்டிருக்கிறார்கள். டைட்டிலில் பெயர் வராத வேலையின் அருமை ராஜாவுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகும் இந்த ஊரில் பாட்டு நிற்கவில்லை. மாரிகுப்பத்திலும் ஆண்டர்சன்பேட்டையிலும் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் கச்சேரி நடக்கிறது. தேவாலயக் குழுக்கள் கிறிஸ்துமஸுக்கு நான்கு குரலில் பாடுகின்றன. ஒவ்வொரு குழுவிலும் கீபோர்டுக்குப் பின்னாலோ டிரம்ஸுக்குப் பக்கத்திலோ நின்று, தலையசைப்பாலும் கைவிரலாலும் எல்லோரையும் கட்டி இழுக்கும் ஒருவர் இருக்கிறார். நொட்டேஷன் எழுதுவதும் பெரும்பாலும் அவரே. நோட்டீஸில் பாடகர் படம் வருகிறது, தலைமை தாங்குபவர் படம் வருகிறது, நன்கொடையாளர் பட்டியல் வருகிறது. இவர் பெயர் மட்டும் வருவதில்லை.

விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கச்சேரி நோட்டீஸில் ‘இசைக்குழு நடத்துபவர்’ என்று ஒரு வரி சேருங்கள். பாடகர் பெயருக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில் போடுங்கள்.