அணிந்து பார்க்க முடியாத தூரம்

மாதவிடாயை எங்கள் மதுரைப் பக்கம் இன்றும் ‘வீட்டுக்குத் தூரம்’ என்பார்கள். திண்ணைக்கோ கொல்லைக்கோ பெண் தள்ளப்பட்ட தொலைவு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. கடைக்காரர் நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுத் தரும்போது அதே தூரம் கைமாறுகிறது.

இந்தத் தூரத்தைக் கடந்த ஆணாகக் கொண்டாடப்படுபவர் கோவை அருணாசலம் முருகானந்தம். 2016இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் வாழ்க்கையைத் தழுவி பால்கி இயக்கிய ‘பேட்மேன்’ 2018இல் வெளிவந்தது. பெண்கள் பேசத் தயங்கியதால், ஆட்டு ரத்தம் நிரப்பிய பையைத் தன் உடலில் கட்டிக்கொண்டு, தான் செய்த நாப்கினைத் தானே சோதித்தவர் அவர். வடிவமைப்பில் ஒத்துணர்வு என்றால் என்ன என்று கேட்பவருக்குச் சட்டென்று சொல்லத் தோதான கதை.

அந்தத் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கட்டிப் பார்க்க முடிந்தது ரத்தத்தின் ஈரத்தை மட்டும்தான். தூரத்துணியை யார் கண்ணிலும் படாமல் உலர்த்துவதை, ஆரப்பாளையத்தில் கோவைப் பேருந்து ஏறியவள் ஏறக்குறைய ஐந்து மணி நேரத்துக்கு எங்கே இறங்கி மாற்றுவது என்று கணக்குப் போடுவதை எந்தப் பையில் நிரப்புவது? வேண்டாதபோது அவர் பையைக் கழற்றிவிடலாம். படமோ பெண்களின் மௌனத்தை நாயகனின் வழியில் கிடக்கும் கல்லாகவே பார்க்கிறது. பேசினால் அவர்கள் எதை இழப்பார்கள் என்று அது நின்று கேட்பதில்லை.

என் பார்வையில் முருகானந்தத்தின் ஒத்துணர்வு அந்த ரத்தப் பையைவிட அவருடைய இயந்திரத்தில்தான் அதிகம் இருக்கிறது. மரக்கூழைப் பஞ்சாக்குதல், அச்சில் அழுத்துதல், உறையிட்டு ஒட்டுதல், புற ஊதாக் கதிரில் கிருமி நீக்குதல் என்று வேலையை எளிய படிகளாகப் பிரித்தார். பெரிய ஆலைக்குக் கோடிக்கணக்கில் முதல் வேண்டும். இதையோ ஒரு மகளிர் குழு வாங்கித் தானே ஓட்டலாம். பெண்ணைப் போல உணர்ந்து பார்ப்பதோடு நிற்காமல், செய்யும் கருவியைப் பெண்கள் கையில் கொடுத்தார்.

அங்கும் ஒருத்தி விடுபடுகிறாள். 2017இல் திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ ஆவணப்படம் துப்புரவுத் தொழிலாளர்களைப் பேசவைத்தது. அதைத் திரையிடப் பல இடங்களில் அனுமதி மறுக்கப்பட்டது. இயக்குநர்மீது வழக்குகள் போடப்பட்டன. அடுத்த ஆண்டு வந்த ‘பேட்மேன்’ தேசிய விருது பெற்றது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், நாம் யாரோடு ஒத்துணரத் தயாராக இருக்கிறோம் என்பது தெரியும். நாப்கினோடு அதைச் சுற்றிப் போட உறையும் தரவேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் நிறுவனங்களுக்குச் சொல்லின. உறை இல்லாமல் குப்பைக்கு வருவதைக் கையால் பிரிப்பவள் பெரும்பாலும் ஒரு தலித் பெண். வடிவமைப்பாளரின் கணக்கில் அவள் ‘பயனாளர்’ அல்ல.

அவளுடைய வேலையை இன்னொருவர் ஒருநாள் செய்து பார்த்துப் புல்லரிக்க வேண்டியதில்லை. ஒரு பேருந்து நிலையக் கழிப்பறைக்கு வரைபடம் போடும் மேசையில் அவளுக்கு நாற்காலி வேண்டும். அங்கே செலவிடும் நேரத்துக்குக் கூலியும், வேண்டாம் என்று சொன்னால் அந்த வரைபடம் திருத்தப்படும் என்ற உறுதியும் வேண்டும்.